முடிகிற செடி

எதைச் சொன்னாலும் அவள் முதலில் கேட்பது, “எப்ப முடியும்?” என்பதுதான். பக்கத்து பிளாக்கில் கல்யாணம் என்றால் எந்த ஊர்ப் பையன், என்ன வேலை என்று நாலு பேர் கேட்பார்கள். இவள், “என்னைக்கு முடியுது?” என்பாள். ரோட்டைத் தோண்டுகிறார்கள் என்றால் எப்போது மூடுவார்கள் என்பாள். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் சொன்னபோதும் அதையேதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

“காய்ச்சல் என்ன கடுதாசி போட்டுட்டா வந்துச்சு அம்மிணி, முடியற நாளைச் சொல்றதுக்கு?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு நாளுக்கு மேல இளுத்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க யக்கா” என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் சுருக்கென்றது.

அம்மிணி என்பது அவள் பெயர் இல்லை. எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் நம்மைவிடச் சின்னவளை அப்படிக் கூப்பிடுவோம். அவள் திருநெல்வேலிப் பக்கம். பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்த இடத்திலும் தன்னுடையது என்று ஒன்று தங்கிப்போவது அவளுக்குப் பிடிக்காது.

டெல்லி மோதி பாக்கில் எங்களுக்குக் கீழ்வீட்டுக் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் ஒரு ஆபீஸில் டிரைவர். பிறகு என் மகனும் சர்க்கார் வேலைக்கு வந்து, வீடு அவன் பேருக்கு மாறியது. கல்யாணமாகி வந்து இறங்கிய வீட்டிலேயே நான் மருமகளும் எடுத்தேன். டெல்லியில் இதை எல்லாரும் சொல்லிக்கொள்ள முடியாது. எதிர் பிளாக்கின் கீழ்வீட்டுக்கு அவர்கள் வந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்கு ஊர் ஊராக மாற்றுகிற உத்தியோகம். ஜபல்பூர், குவாஹாட்டி, நாக்பூர் என்று அவள் சொல்லும்போது ரயில் ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி இருக்கும். ஒரே மகள். ஒவ்வொரு வகுப்பையும் ஒவ்வொரு ஊரில் படித்து, தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிற பெண்.

அவர்கள் வந்து ஒரு குளிர்காலம் கழிந்த பிறகுதான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். கூப்பிடாமல் நான் யார் வீட்டுக்கும் போவதில்லை. கூடத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து, மேலே ஒரு விரிப்பைப் போட்டு, அதையே உட்காருகிற பெஞ்சாக ஆக்கியிருந்தாள். காலண்டரை ஜன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்தாள். கடிகாரம் அலமாரித் தட்டில் சாய்ந்து நின்றது. சாமி படங்கள் ஒரு ஸ்டூலின்மேல், சுவரோடு சாத்தி. சுவரில் மட்டும் ஒன்றுமில்லை.

“ஏனம்மிணி, ஒரு ஆணிகூடவா அடிக்கல?”

“அடிச்சா போவும்போது ஓட்டைய அடைக்கணும்லா. சுண்ணாம்பக் குளைச்சு, பூசி, அது ஒரு வேல. இருக்கப்போறது மூணு வருசம். அதுக்கு எதுக்கு யக்கா சுவத்தப் போட்டு இம்ச பண்ணிக்கிட்டு?”

டெல்லிக் குளிரில் வெயில் காய்கிற பெண்கள் கையில் கம்பளி நூல் இல்லாமல் இருக்கமாட்டார்கள். அவளும் பின்னுவாள். ஆனால் தொப்பியும் காலுறையும்தான். ஸ்வெட்டர் பின்னமாட்டாள். எப்போதோ ஆரம்பித்த ஸ்வெட்டர் ஒன்று கழுத்து வரைக்கும் வந்து நின்று, அதற்குள் மாற்றல் வந்து, ஊர் மாறியும் கைகூடாமல், கடைசியில் அதைப் பிரித்துத் தொப்பிகளாக்கிவிட்டாளாம். டிவியில் தொடர் பார்க்கமாட்டாள். “அவன் பாட்டுக்கு இளுத்துக்கிட்டே கெடப்பான்” என்பாள். நார்த்தங்காயை உப்பில் போட்டு வருஷக்கணக்கில் ஊறவைக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

எனக்குச் சற்றும் பிடிக்காத ஒன்று, அவள் விடைபெறுகிற விதம். நம்மவர்கள் யாராவது வாசல்படி இறங்கும்போது போகிறேன் என்று சொல்வார்களா? வரேன் என்பதுதான் வழக்கம். கடைக்குக் கிளம்பினாலும் அதுதான். அவள், “அப்ப நான் கெளம்புதேன்” என்று எழுந்து போய்விடுவாள். முதல் தடவை நான் பின்னாலேயே வாசலுக்குப் போய், “வரேன்னு சொல்லோணும் அம்மிணி” என்றேன். “வருவனா என்னன்னு தெரியாம எப்படிச் சொல்ல?” என்றாள். எதிர் வீடு! நடுவில் ஒரு சின்ன ரோடு, அவ்வளவுதான்.

இனி தக்காளிக்கு வருகிறேன்.

கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பின்பக்கம் கொஞ்சம் மண் உண்டு. அவள் பின்பக்கமும் என் பின்பக்கமும் அந்தச் சின்ன ரோட்டின் இரண்டு ஓரத்தில் எதிரெதிரே இருந்தன. வேலி போட்டு அவரவர் வைத்துக்கொள்வதுதான். என் பக்கத்தில் கருவேப்பிலை மரம், ஒரு எலுமிச்சை, முருங்கை. அவள் தன் பக்கத்தில் மரம் என்று ஒன்றும் வைக்கவில்லை. வெந்தயக் கீரை, கொத்தமல்லி, பாலக். இவையெல்லாம் தை மாசத்துக்குள் முடிந்துவிடும். குளிர் குறைந்ததும் தக்காளி.

அந்தத் தக்காளி விதை அவளோடு ஊர் ஊராக வந்தது. ஹோமியோபதி மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருப்பாள். கார்த்திகையில் முட்டை அட்டையில் மண் நிரப்பி விதை போட்டு, பனி படாமல் கண்ணாடித் தாளால் மூடி, ஜன்னல் ஓரத்தில் வைத்து வளர்ப்பாள். பிறகு திறந்த மண்ணில் பிரித்து நடுவாள். கொம்பு நடமாட்டாள், கயிறு கட்டமாட்டாள். செடி என் தொடை உயரத்துக்கு வரும். உச்சியில் ஒரு கொத்துப் பூ வைக்கும். அதோடு சரி, அதற்குமேல் தண்டு போகாது. எல்லாப் பூவும் ஏறக்குறைய ஒன்றாகப் பிஞ்சு வைத்து, எல்லாப் பிஞ்சும் ஒன்றாகக் காயாகி, சித்திரை வெயில் ஏறும்போது செடி முழுக்க ஒரே சமயத்தில் சிவந்து நிற்கும். காய்ப் பாரத்தில் கிளைகள் தரைக்கு வரும். அதற்காகப் பால்காரரிடம் வைக்கோல் வாங்கி அடியில் மெத்தை மாதிரி பரப்பிவிடுவாள்.

எங்கள் ஊரில் தக்காளிக்குக் கொம்பு நட்டு, கம்பி இழுத்து, பந்தல் மாதிரி கட்டுவார்கள். மாசக்கணக்கில் பறிக்கலாம். அதைச் சொன்னேன். “வீட்டுக்குன்னா தினம் நாலு பறிக்கிற மாதிரி இருக்கோணும் அம்மிணி. இப்படி மொத்தமா பழுத்தா என்ன பண்ணுவ?”

“தினம் நாலு பறிச்சா என்னைக்கு யக்கா முடியும்?”

காலனித் தோட்டத்தைப் பார்க்கிற மாலி ஒருநாள் மூங்கில் குச்சிகளோடு வந்தான். செடிகள் கட்டில்லாமல் நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. “மாதாஜி, டண்டா லகா தூம்?” என்று கேட்டபடியே குச்சியை ஊன்றப்போனான். பக்கக் கிளையைக் கிள்ளுவதற்கும் கையை நீட்டினான். அவள் உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். “நை பையா, நை! யே இத்னாஹி படேகா. பஸ்!” இவ்வளவுதான் வளரும், போதும் என்று அவள் ஹிந்தியில் கத்தியதைக் கேட்டு மேல்வீட்டுப் பஞ்சாபிக்காரி பால்கனிக்கு வந்துவிட்டாள். மாலி குச்சிகளை என் வேலியோரம் சாத்திவிட்டுப் போனான். நான் அவரைக்காய்க்கு வைத்துக்கொண்டேன்.

பழம் சிவக்கிற வாரம் அந்த வீட்டு மனுஷர்களைப் பார்க்க முடியாது. அவள் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுவாள், பழம் வெடிக்கக்கூடாது என்று. ஒரு நாள் பார்த்துக் கூடை கூடையாகப் பறிப்பாள். அண்டாவில் தொக்கு கொதிக்கும். நல்லெண்ணெயும் பெருங்காயமும் வெந்தயமும் சேர்ந்து ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்குள் வரும். எல்லார் வீட்டுக்கும் ஒவ்வொரு பாட்டில். கொடுக்கும்போது ஒரே வாக்கியம்தான். “பாட்டில் திருப்பித் தர வேண்டாம்.” பஞ்சாபிக்காரிக்கு அதையே ஹிந்தியில் சொல்வாள்.

அன்று சாயங்காலமே செடிகளைப் பிடுங்கிவிடுவாள். ஒன்றிரண்டு பச்சைக்காய் இருந்தால் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. வேர் மண்ணை உதறி, செடியைக் குழியில் போட்டு, மண்ணைக் கிளறி, மட்டம் பண்ணி, காலடிகூடத் தெரியாமல் பின்பக்கமாகவே பெருக்கிக்கொண்டு வருவாள். மாற்றல் வந்த வருஷம் என்றில்லை, எல்லா வருஷமும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு அங்கே நேற்றுவரை ஒன்று காய்த்தது என்றே தெரியாது. எனக்கு அது என்னவோ போலிருக்கும். துணி உலர்த்துகிற சாக்கில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

முதல் வருஷத்துப் பாட்டிலால்தான் எங்களுக்குள் பேச்சு நின்றது. ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தொக்கு தீர்ந்ததும் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில் எங்கள் ஊரிலிருந்து வந்த நாட்டுச் சர்க்கரையை நிரப்பி எடுத்துப் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். கையை நீட்டவில்லை.

“திருப்பித் தர வேண்டாம்னு சொன்னம்லா யக்கா.”

“பாட்டில் இல்ல அம்மிணி, சர்க்கரை. ஊர்ச் சர்க்கரை.”

“நீங்க இதத் தருவீய. அப்பறம் நான் ஒண்ணு தரணும். பொறவு நீங்க. இது எங்க போய் முடியும்? வேண்டாம், தப்பா நெனைக்காதீய.”

தப்பாகத்தான் நினைத்தேன். கொடுத்ததை வேண்டாம் என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. சர்க்கரையைத் திரும்பக் கொண்டுவந்து, “போச்சாது, நமக்கே ஆகுது” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கமே பார்க்காமல் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் ஓட்டினேன். அவளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. முட்டை அட்டையும் கண்ணாடித் தாளுமாக அவள் பாட்டுக்கு இருந்தாள்.

அடுத்த சித்திரையில், பழம் சிவந்து நிற்கிற சமயம், அவள் வீட்டைப் பூட்டிவிட்டு மகளின் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். குரங்குகள் வந்தன. எங்கள் காலனியில் குரங்கு புதிதில்லை. ஆனால் அன்றைக்குப் பெரிய கூட்டம். வேலியில் ஒரு கிழட்டுக் குரங்கு உட்கார்ந்து முதல் பழத்தைக் கடித்துவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்தது. எனக்கு என்ன, நான் பேசுகிறதில்லையே என்று கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். அவள் திரும்பி வருகிறவரை அந்த மொட்டை வெயிலில் செடிகளுக்கு நடுவில் நின்றேன். தட்டினேன், கத்தினேன், ஒன்றிரண்டு தடவை அதுகள் என்னைப் பார்த்தும் உறுமின.

அவள் வந்து பார்த்தாள். என்னையும் விளக்குமாற்றையும் பார்த்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

“எவ்வளவு நேரமா நிக்கிறீய?”

“நிக்கிறன், போ.”

“முடிஞ்சிரிச்சு யக்கா. நாளைக்குப் பறிச்சிருவேன். வந்து மோர் குடிங்க.”

மோர் குடித்தேன். மறுநாள் பாட்டில் வந்தது. இந்தத் தடவை காலிப் பாட்டிலை நான் கழுவி என் அலமாரியிலேயே வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் மனஸ்தாபம் வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் டெல்லியிலேயே ஓய்வு பெற்றார். முனிர்காவில் கீழ்த்தளத்தில் ஒரு ஃப்ளாட்டை முன்பே வாங்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் திறந்த மண்ணும் கொஞ்சம் இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று வீட்டைச் சரிபார்க்க எங்கொயரி ஆபீஸிலிருந்து ஒருவன் வந்தான். எங்கள் காலனிகளில் மராமத்து ஆபீஸை அப்படித்தான் சொல்வோம். சுவரைப் பார்த்தான், தோட்டத்தைப் பார்த்தான், “யஹாம் கோயி ரஹ்தா பீ தா க்யா?” என்று கேட்டான். இங்கே யாராவது இருந்தார்களா என்ன என்று. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் மகன் பரீட்சையில் பாஸான அன்று நான் சிரித்த சிரிப்பு அது.

என் கருவேப்பிலை மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றைப் பால் கவரில் மண்ணோடு எடுத்துப் போய்க் கொடுத்தேன். “சொந்த வீட்டுக்குப் போற. இதை வெச்சுக்கோ.”

கவரைத் தூக்கிப் பார்த்தாள். “இது எப்ப யக்கா முடியும்?”

“இது முடியாது அம்மிணி. இது பாட்டுக்கு இருக்கும். எனக்கும் உனக்கும் அப்புறமும் இருக்கும்.”

“அப்ப வேண்டாம்” என்று என் கையிலேயே வைத்துவிட்டாள். “கெளம்புதேன்” என்று சொல்லி டெம்போவில் ஏறினாள்.

முனிர்கா தூரம் இல்லை. மகன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, பிறகு வந்து கூட்டிப்போவான். முதல் தடவை போனபோது அட்டைப்பெட்டிகள் அதே விரிப்போடு அதே மாதிரி இருந்தன. காலண்டர் ஜன்னல் கம்பியில்.

“பாத்தியளா அக்கா” என்றார் அவள் வீட்டுக்காரர். “சொந்த வீட்ல காலண்டர நூல்ல கட்டித் தொங்க விட்ருக்கா. வாரவம்லாம் என்ன வாடகைன்னு கேக்கான்.”

“உனக்குத்தான் இனி மாத்தல் இல்லையே அம்மிணி. ஒரு ஆணி அடிச்சா என்ன?” என்றேன்.

“எப்ப காலி பண்ணணும்னு யாரும் சொல்லலியே யக்கா” என்றாள். அதைக் குறையாகச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தக்காளி போடவில்லை. அடுத்ததிலும் போடவில்லை. பின்பக்கத்து மண் வெறுமனே கிடந்தது. கீரைகூட இல்லை. கேட்டால், “போடணும்” என்பாள். தொப்பி பின்னுவதும் நின்றுவிட்டது. மூன்று வருஷம் என்று சொல்லி வைத்தால் அதற்குள் எல்லாவற்றையும் நறுக்காகச் செய்கிறவள், முடிவில்லாமல் நீளமாகக் கொடுத்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓய்வு பெற்ற ஆண்கள் அப்படி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வேலை பார்க்கிற பெண்பிள்ளை அப்படி உட்கார்ந்ததை அவளிடம்தான் பார்த்தேன்.

இப்படியே சில வருஷம் போனது. ஒரு தை மாசத்தில் போன் வந்தது.

“யக்கா, நாத்து ரெடியா இருக்கு. நடணும். குனிய முடியல. வாரியளா?”

எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வழியாக வீடு அவளுக்கு ஒட்டிவிட்டது, அதுதான் செடி வைக்கிறாள் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே கிளம்பினேன். போய்ப் பார்த்தால் முட்டை அட்டையில் பாதிக் குழிகள் காலி. விதை கிழடாகிவிட்டது, முளைத்தது இவ்வளவுதான் என்றாள். அவளும் இளைத்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடத்தைக் காட்ட, நான் குழி பறித்தேன்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி யக்கா. பரந்து வரும்லா.”

“தெரியும், தெரியும். எத்தனை வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்திருக்கறன்.”

“டாக்டரு ஒளுங்கா சொல்லவே மாட்டேன்னுட்டாரு” என்றாள், நாற்றை என்னிடம் நீட்டிக்கொண்டே. “பாப்பம், பாப்பம்னே சொன்னாரு. நான் விடல. தேதி சொல்லுங்க, இல்லன்னா எந்திரிக்க மாட்டேன்னுட்டேன். மே மாசம் வரைக்கும் பாக்கலாம்ன்னாரு. அது போதும். ஏப்ரல் கடைசில பளுத்துரும்.”

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தக்காளிக்கு எதற்கு டாக்டர் என்றுதான் முதலில் நினைத்தேன். புரிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அது பழைய மோதி பாக் முகமாக இருந்தது. மாற்றல் ஆர்டர் வந்த வீட்டுக்காரியின் முகம். கண்ணில் வேலை இருந்தது. ஆக அவள் செடி வைப்பது வீட்டோடு ஒட்டியதால் இல்லை. நாள் தெரிந்ததால் வைக்கிறாள்.

நான் அழுகிற ஜாதி இல்லை. அவளும் இல்லை. நாற்றை வாங்கி நட்டேன். கடைசி நாற்று வரைக்கும் நட்டுத் தண்ணீர் விட்டேன்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை போனேன். செடிகள் எனக்குப் பழக்கமான உயரத்துக்கு வந்து, உச்சியில் பூ வைத்து நின்றன. அவளுக்குச் சோறு இறங்குவது குறைந்தது. வைக்கோல் பரப்புகிற வேலையை அவள் வீட்டுக்காரர் செய்தார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து, “அங்கன ஒரு கெள தரையில கெடக்கு பாருங்க” என்று குரல் கொடுப்பாள். ஜன்னலில் காலண்டர் மறைக்கும். அதைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். மகள் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்துவிட்டாள்.

கடைசியாக நான் பார்த்த அன்று காய்கள் பெரிதாகி, பச்சை வெளிறி நின்றன. ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. அவள் படுத்திருந்தாள்.

“நெறம் மாறிச்சா?”

“வெளுத்திருக்குது. இனி மளமளன்னு வந்துரும்.”

“தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க. வெடிச்சுரும்.”

“சொல்லிட்டன்.”

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். வாய் பழக்கத்தில், “வரேன் அம்மிணி” என்றேன்.

“தேதி சொல்லிட்டு வாங்க” என்றாள். உதட்டில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

“வெள்ளிக்கிழமை.”

“அச்சா” என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே, ஞாயிறன்று போய்விட்டாள். டாக்டர் சொன்ன மே மாசம் இன்னும் பிறக்கவில்லை. எந்த ஊரிலும் தப்பாத அவள் கணக்கு அந்த ஒரு தடவை தப்பியது. அன்று நான் போனபோது பின்பக்கத்தில் காய்கள் கன்னம் மட்டும் சிவந்து செங்காயாக நின்றன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

துக்கம் கேட்க வெள்ளிக்கிழமை போகக்கூடாது என்பார்கள். நான் துக்கம் கேட்கப் போகவில்லை. சொன்ன நாளில் தக்காளி பறிக்கப் போனேன். இரண்டு கூடைகளும் மகனும் கூட. செடிகள் முழுக்கச் சிவந்து, வைக்கோல்மேல் சாய்ந்து கிடந்தன.

மகள் கதவைத் திறந்தாள். கூடைகளைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆன்ட்டி, இப்போ எதுக்கு டமாட்டர்? ரஹ்னே தோ நா, விட்டுடுங்க. யாருக்கு வேணும்?”

“எனக்கு வேண்டாம் கண்ணு. உங்கம்மா வேலை பாதியில நிக்குது.”

அவள் உள்ளே போனாள். நான் பறிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ச் செடிக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து அவளும் பறித்தாள். ஒரு பழத்தை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கூடையில் போட்டாள்.

தீட்டு வீட்டு அடுப்பில் ஊருக்குச் சமைக்கக்கூடாது. அதனால் பழத்தை என் வீட்டில் கொதிக்கவைப்பது, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, தீட்டுக் கழிந்த பிறகு கொடுப்பது என்று ஸ்கூட்டரில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். கூடைகளை மகனோடு அனுப்பிவிட்டு, புடவையை இழுத்துச் செருகி, முதல் செடியைப் பிடுங்கினேன்.

அவள் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். சட்டை போடாமல் மேல்துண்டோடு நின்றார். “அக்கா, ஒரு செடியாவது இருக்கட்டுமே. பச்சக் காயி இருக்கே.”

“அவ இருந்தா விடுவாளாங்க?”

அவர் கீழே இறங்கி வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து அவரும் பிடுங்கிக்கொண்டு வந்தார். பச்சைக்காயை மகள் முறத்தில் பொறுக்கினாள். நான் மண்ணைக் கிளறி மட்டம் பண்ணி, பின்பக்கமாகவே பெருக்கிக்கொண்டு படிக்கு வந்தேன். இத்தனை வருஷம் பார்க்கப் பொறுக்காமல் உள்ளே போன வேலை. செய்தபோது அது மண்ணைப் பெருக்குகிற வேலையாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, மறுநாள் சாயங்காலம் பாட்டில்களை எடுத்துப் போனேன். அக்கம்பக்கத்து ஃப்ளாட்டுக்காரர்கள் அந்த வீட்டுத் தொக்கை அதுவரை கண்டதில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். “போத்தல் வாபஸ் மத் தேனா” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். பாட்டில் திருப்பித் தர வேண்டாம். ஒரு சர்தார்ஜி, ஏன் என்று கேட்டார். “அப்படித்தான்” என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி அவர்கள் வீட்டுக்குள் போனபோது அவள் படம் சட்டம் போட்டு வந்திருந்தது. அட்டைப்பெட்டிமேல், விரிப்பில், மாலையோடு சாத்தி வைத்திருந்தார்கள். அவர் ஒரு கையில் சுத்தியலும் இன்னொரு கையில் ஆணியுமாக நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“படத்த மாட்டணும் அக்கா. எங்கன அடிக்கன்னு பாத்துச் சொல்லுங்க.”

சுவரைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை வெள்ளை, ஒரு ஓட்டை கிடையாது. மகளும் என்னையே பார்த்தாள்.

நான் ஜன்னலுக்குப் போய்க் காலண்டரை அவிழ்த்தேன். படத்தின் பின்னாலிருந்த வளையத்தில் அதே நூலைக் கோத்து, கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். நின்றது.

அவர் ஆணியை மேல்துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.